காந்திபுரத்துக் கடையில் வாங்கிய எலெக்ட்ரானிக்ஸ் பெட்டி

கோவை கணபதி பகுதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை நடத்தும் எனக்கு, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் மின்சாரத்தை 9 வோல்ட் பேட்டரியிலிருந்து கற்கத் தொடங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மூன்று ஃபேஸ் லைனில் கைபழகுவது அந்த வயதுக்கு உரியதன்று. அதற்காகச் சென்ற மாதம் காந்திபுரத்தில் ஓர் உதிரிபாகக் கடைக்குச் சென்று, தொடக்கநிலையினருக்கான பெட்டி ஒன்றை 480 ரூபாய்க்கு வாங்கினோம். உதிரிபாகங்களைச் செருகி சர்க்யூட் போடும் 830 துளை பிரெட்போர்டு, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்கள், எல்.இ.டி.கள், கெபாசிட்டர்கள், பிசி547 டிரான்சிஸ்டர்கள், ஒலியெழுப்பும் பஸ்ஸர், 555 டைமர் ஐ.சி. ஆகியவை அதில் இருந்தன.

பொருட்கள் தரமானவை. குறை முழுவதும் உடன் வரும் வழிகாட்டித் தாளில் இருக்கிறது.

முதல் பாடம் சிவப்பு எல்.இ.டி.யை எரியவைப்பது. எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 7 வோல்ட்டை 470 ஓம் ரெசிஸ்டர் தாங்கும்போது ஏறத்தாழ 15 மில்லிஆம்பியர் ஓடும். இதைத் தாள் நன்றாகவே விளக்குகிறது. ரெசிஸ்டரின் மதிப்பை அதன் மேலுள்ள நிற வளையங்கள் சொல்லும். ஆனால் தாளில் 470 ஓமுக்கு மஞ்சள், ஊதா, பழுப்பு, தங்கம் என்று நான்கு வளையம் போட்டுக் காட்டிவிட்டு, பெட்டியில் ஐந்து வளையமுள்ள நீல ரெசிஸ்டர்களை வைத்திருக்கிறார்கள். அவற்றில் 470 ஓம் என்பது மஞ்சள், ஊதா, கறுப்பு, கறுப்பு, பழுப்பு. தாளிலுள்ள நான்கு வளையக் கணக்குப்படி முதல் மூன்று வளையங்களை மட்டும் பார்த்த மகள் அதை 47 ஓம் என்று கணக்கிட்டு ஒதுக்கிவைத்துவிட்டு, கையிலிருந்த பொருளையே ஒரு மாலை முழுவதும் தேடினாள். தப்பாகப் படித்தவள் அவளல்லள். தாளை அச்சிட்டவர்கள் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

அதேபோல், அந்த பிரெட்போர்டின் ஓரத்திலுள்ள பவர் வரிசை நடுவில் துண்டுபட்டிருப்பதையும் தாள் சொல்லவில்லை. ஒரு பாதியில் பேட்டரியைக் கொடுத்துவிட்டு மறுபாதியில் சர்க்யூட்டைப் போட்டால் ஒன்றும் எரியாது. ஒரு சிறு வயரால் இரண்டையும் இணைத்துவிட வேண்டும்.

இதைச் சொல்லித் தந்தவர் கடைப் பெரியவர். மறுவாரம் பெட்டியோடு போனபோது, கூட்டத்துக்கு நடுவிலும் மகளிடம் ஓம், வோல்ட் அளக்கும் மல்ட்டிமீட்டரைக் கொடுத்து ஒவ்வொரு ரெசிஸ்டராக அளக்கவைத்தார். "வளையத்த நம்பாட்டிப் போகுதுங்க அம்மிணி, மீட்டர நம்புங்க. ரெசிஸ்டர் இல்லாம மட்டும் எல்.இ.டி.ய நேரா பேட்டரில குடுத்துப்போடாதீங்க" என்றார். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர்த் தொட்டி அலாரம். தொட்டியின் மேல்விளிம்பருகே இரண்டு வயர் முனைகளைத் தொங்கவிட்டால், நீர் அவற்றைத் தொட்டதும் உப்புகளின் வழியே கசியும் சிறு மின்னோட்டம் டிரான்சிஸ்டரின் பேஸ் என்னும் நடுக்காலுக்குப் போய், அதை ஸ்விட்ச் போல இயக்கி பஸ்ஸரை ஒலிக்கச் செய்கிறது. எழுத்துள்ள தட்டைப் பக்கம் நம்மை நோக்கியிருக்க, பிசி547-இன் கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எங்கள் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் தொட்டவுடனே ஒலிக்கிறது. ஆனால் இரண்டே வாரத்தில் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு முனை பச்சை பூத்து அரித்துவிட்டது. எவர்சில்வர் ஸ்க்ரூ இரண்டைக் கட்டித் தொங்கவிட்ட பிறகு தொல்லை இல்லை.

555-க்குத் தாளில் படம் மட்டுமே உண்டு, விளக்கம் இல்லை. அதை இன்னும் தொடவில்லை. வாங்குவோர் சிறிய மல்ட்டிமீட்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.