போர்கோ ரோசோவா, தி விண்ட் ரைசஸா?

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் இந்த இரண்டு விமானப் படங்களில் எதை முதலில் பார்ப்பது?

நேரம்: 'போர்கோ ரோசோ' (1992) ஒன்றரை மணி நேரம்தான். 'தி விண்ட் ரைசஸ்' (2013) இரண்டு மணி நேரத்தைத் தாண்டும்.

அரசியல்: முன்னதில் முசோலினி கால இத்தாலி, பாசிச அரசுக்குப் பணியாத பன்றிமுக விமானி. சிரிக்க வைத்தே குத்துகிறது. பின்னதில் இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பயன்படுத்திய ஜீரோ போர்விமானத்தை வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷி. அழகான விமானம் செய்ய ஆசைப்பட்டார், அது போருக்குப் போனது. படம் அவரைக் கேள்வி கேட்பதோ மெதுவாகத்தான். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

சமூகம்: முன்னதில் மிலான் பட்டறையில் விமானத்தைக் கட்டுவது பெண்கள், பாட்டிகள் உட்பட! மற்றதில் ஜப்பானின் 1923 நிலநடுக்கம், வறுமை, காசநோய்.

பிள்ளைகளோடு பார்க்கப் பன்றிதான் சரி. தனியாக, பொறுமையாகப் பார்க்க மற்றது.