மூன்று பிரிச் சணல்: மூட்டை கட்டுகிறவளின் பார்வையில்

மிளகாய் வத்தல், வடகம் எல்லாம் லாரி பார்சலில் வெளியூருக்கு அனுப்புகிறேன். வழியில் மூட்டை வாய் அவிழ்ந்தால் சரக்கு போச்சு. அதனால் கயிறு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். இப்போது வாங்குவது மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் எடை போட்டுத் தரும் மூன்று பிரிச் சணல் உருண்டை, அதாவது மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு.

பிளாஸ்டிக் கயிறு நனைந்தாலும் மக்காது, உண்மைதான். ஆனால் வழவழப்பு. முதல் முடிச்சைப் போட்டு இரண்டாவதுக்குப் போவதற்குள் நெகிழ்ந்துவிடும். முதல் முடிச்சிலேயே நுனியை ஒரு சுற்று கூடுதலாக விட்டால்தான் நிற்கும். சணலுக்கு அந்தப் பாடே இல்லை, சொரசொரப்பே பிடித்துக்கொள்கிறது.

அட்டைப்பெட்டிக்கு வலது நுனி இடதின் மேல், பிறகு இடது நுனி வலதின் மேல், அவ்வளவுதான். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு கோணிக்கொண்டு நிற்கும், குலுக்கலில் நழுவும். சரியாக விழுந்தது பெட்டி மேல் தட்டையாகப் படியும். இதே முடிச்சால் இரண்டு கயிற்றை இணைத்துக் கிணற்றில் வாளி மட்டும் இறக்காதீர்கள்!

சாக்கு வாய்க்கு அது போதாது. வாயைக் கூட்டிப் பிடித்து ஒரு சுற்று, அதன் மேல் குறுக்காக ஏற்றி இன்னொரு சுற்று. பிறகு அந்தக் குறுக்குக் கயிற்றுக்கு அடியில் இரு நுனிகளும் ஒருமுறை பின்னிக்கொள்ளும்படி விட்டு, இரு பக்கமும் இழுக்க வேண்டும். இந்தச் சணலில் இழுக்கும்போது நறநறவென்று இறுகும். அப்புறம் விரலால் அவிழ்க்க நினைக்காதீர்கள். மேலே ஓடும் குறுக்குக் கயிற்றை மட்டும் வெட்டினால் கட்டு கழன்றுவிடும், சாக்கில் கத்தி படாது.

குறையும் உண்டு. தும்பு உதிர்கிறது, வத்தல் மூட்டைக்குப் பரவாயில்லை, வாய் திறந்த மாவுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. சில இடத்தில் பிரி மெலிந்திருக்கும், அந்தத் துண்டை முடிச்சுக்கு வைக்காமல் ஒதுக்கிவிடுவேன். மழைக்காலத்தில் ஈரச் சணல் எடை கூட்டும், கையால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். உருண்டையை வெளியிலிருந்து அவிழ்க்காமல் நடுவிலுள்ள நுனியை எடுத்து உருவினால் தரையெல்லாம் உருண்டோடாது. தக்காளிச் செடியைக் கொம்போடு கட்ட இரண்டு பிரியே தாராளம்.