தரையில் விழுந்தது யாருக்கு? பார்டர்லேண்ட்ஸ் 2 உடன் பத்து வருஷத்துக்கு மேல்

நாலு பேர் வரை சேர்ந்து ஆடக்கூடிய துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் பார்டர்லேண்ட்ஸ் 2 வெளிவந்தது 2012 செப்டம்பரில். நாங்கள் நாலு பேர் ஆட ஆரம்பித்தது அடுத்த வருஷம்: நான், என் தம்பி, கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர். அதற்கப்புறம் எத்தனையோ கேம்கள் வந்து போய்விட்டன. சனிக்கிழமை இரவு ஹெட்செட்டை மாட்டினால் இன்னும் அந்தக் கதை நடக்கும் பண்டோரா கிரகத்துக்குத்தான் போகிறோம்.

ஹேண்ட்சம் ஜாக் மாதிரி ஒரு வில்லன் அமைவது அபூர்வம். ஆனாலும் இத்தனை வருஷம் எங்களைக் கட்டிப்போட்டது லூட்தான், அதாவது எதிரிகளிடமிருந்து கிடைக்கும் பொருட்கள். எதிரி செத்தால் துப்பாக்கி விழும். அது எவ்வளவு அபூர்வம் என்பதை நிறம் சொல்லும்: வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, இவற்றுக்கு மேலே ஆரஞ்சு, அதாவது லெஜண்டரி. நிறம் மட்டும் மாறியிருந்தால் நாலே நாளில் சலித்திருக்கும். இதில் ஒவ்வொரு கம்பெனித் துப்பாக்கிக்கும் தனிக் குணம். ஜேக்கப்ஸ், நம் விரல் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாகச் சுடும். ஹைப்பீரியனில் சுடச்சுடக் குறி கூடிக்கொண்டே போகும். டெடியோரில் ரீலோட் பட்டனை அழுத்தினால் துப்பாக்கியையே எதிரி மேல் வீசிவிடுவோம். அது போய் வெடிக்கும், கையில் புதுசாக ஒன்று வந்து நிற்கும்.

சரி, தனியாக ஆடினாலும் இதெல்லாம் கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் இந்த கேமில் விழுகிற துப்பாக்கி நாலு பேருக்கும் பொது. யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்களுக்கு. இது பெரிய குறை என்று பலர் சொல்வார்கள். எனக்கு இதுதான் கேமின் உயிர்.

அன்கெம்ப்ட் ஹாரல்டு என்று ஒரு கைத்துப்பாக்கி. ஒரு தடவை சுட்டால் குண்டுகள் வரிசையாக விரிந்து பறக்கும். த்ரீ ஹார்ன்ஸ் பனிக்காட்டில் சாவேஜ் லீ என்பவனைக் கொன்றால் எப்போதாவது விழும். கொல்வோம், விழாது, வெளியே போய்த் திரும்பி வந்து மறுபடி கொல்வோம். மூன்று சனிக்கிழமை இப்படியே போனது. ஒரு நாள் பனிக்கு மேலே ஆரஞ்சு வெளிச்சம் நேராக எழுந்தது. பக்கத்தில் நின்றது தம்பி. எடுத்துவிட்டான். நாங்கள் யாரும் பேசவில்லை. அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சால்வடார் என்ற கேரக்டராக ஆடும் நண்பனின் காலடியில் அதைப் போட்டான். "ரெண்டு கையிலயும் துப்பாக்கி பிடிக்கிறவன் நீதானே மச்சி, நீ வச்சுக்கோ" என்றான். பத்தொன்பது வயது அவனுக்கு அப்போது. அந்த இரவை நான் மறக்கவே மாட்டேன்.

அடிபட்டு விழுந்தாலும் இதே கதைதான். விழுந்ததும் ஆட்டம் முடிவதில்லை. திரை மங்கிக்கொண்டே வரும். அதற்குள் ஓர் எதிரியைக் கொன்றால் எழுந்துவிடலாம், இல்லையென்றால் நண்பன் ஓடிவந்து தூக்கிவிட வேண்டும். நான் ஆடுவது மாயா என்ற கேரக்டராக. அவளுடைய ஹார்மனி ஸ்கில் ட்ரீயில் (திறன் வரிசையில்) ரெஸ் என்ற திறனை எடுத்தபிறகு எட்ட நின்றே தூக்கிவிடலாம் என்பதால், மூன்று பேரும் கத்துவது என் பெயரைத்தான்.

2019 இல் பார்டர்லேண்ட்ஸ் 3 வந்தபோது ஒவ்வொருவருக்கும் தனித்தனி லூட் என்ற வசதியும் வந்தது. முன்பின் தெரியாதவர்களோடு ஆட அது நியாயமானது, தேவையானதும்கூட. நாங்களும் ஒரு மாதம் அப்படி ஆடினோம். சண்டை இல்லை, ஆனால் "இது யாருக்கு வேணும்?" என்ற கேள்வியும் நின்றுபோனது. பழைய மாதிரியே பொது லூட் வைக்கிற முறையும் அதில் இருக்கிறது. அதற்கு மாறிக்கொண்டோம்.

இரண்டாம் பாகத்தில் எனக்கு நிஜமாகவே வருத்தம் தருவது இரண்டு. கடைசிக் கடின நிலையில் ஸ்லாக், அதாவது எதிரி மேல் படிந்து அடியின் வலியைக் கூட்டும் ஊதாத் திரவம், அதை அடிக்காமல் எதிரி லேசில் சாகமாட்டான். பிடித்த துப்பாக்கியை வைத்து ஆடும் சுதந்திரம் அங்கே குறைந்துவிடுகிறது. இன்னொன்று லெவல் இடைவெளி. ஒருவன் ஒரு வாரம் வராமல் போனால் மற்றவர்களோடு சேர்ந்து நிற்கவே முடியாது. மூன்றாம் பாகம் இதைச் சரிசெய்துவிட்டது. இரண்டாவதில் எங்களுக்கு வழி ஒன்றுதான்: நாலு பேருக்கும் தனியாக ஒரு கேரக்டர், நாலு பேரும் வந்தால் மட்டுமே அதைத் திறப்பது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதல் நாளிலிருந்தே அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.