பழைய எம்எக்ஸ்-5ஆ, பாக்ஸ்டரா: எந்த விலை நியாயம்?

நன்றாக வைத்திருந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, கொஞ்சம் தளர்ந்துபோன போர்ஷே பாக்ஸ்டர். இரண்டுமே கூரையைத் திறந்து ஓட்டும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் இரண்டும் சில சமயம் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்து நிற்கும். இரண்டையும் பார்த்துவிட்டு நான் எம்எக்ஸ்-5 வாங்கினேன். மூன்றாம் தலைமுறை, 2 லிட்டர். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

ஓட்டும் சுகம், சத்தம், பெயர் எல்லாவற்றிலும் பாக்ஸ்டர்தான் மேல். அதில் வாதமே இல்லை.

சரி, விலைக்கு வருவோம். டீலர்கள் டிரான்ஸ்யூனியன் கைடு என்ற பழைய கார் விலைப் பட்டியலைப் பார்த்து டிரேட் விலை (டீலர் வாங்கும் விலை), ரீடெய்ல் விலை (டீலர் விற்கும் விலை) என்று சொல்வார்கள். அது பேச்சைத் தொடங்கத்தான் உதவும். அடுத்த இரண்டு வருடம் அந்தக் காரை ஒழுங்காக ஓடவைக்க என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டு, அதைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

பாக்ஸ்டரில் இடிப்பது இங்கேதான். 2008 வரை வந்த என்ஜின்களில் ஐஎம்எஸ் பேரிங் என்று ஒன்று உண்டு, என்ஜினுக்குள் சுழலும் ஒரு இடைத்தண்டைத் தாங்குவது. அது உடைந்தால் என்ஜினே போய்விடும். பழைய வண்டிகளில் கிளட்ச் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடலாம். 2006 வாக்கில் பெரிய பேரிங் போட்டார்கள். அது கெடுவது அரிது, ஆனால் என்ஜினைப் பிரிக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில் என்ஜினே புதிது, இந்தத் தொல்லை கிடையாது. அதனால் 2008க்கும் 2009க்கும் ஒரு வருட வித்தியாசம் என்று நினைத்து விலை பேசக்கூடாது. 2009க்கு நன்றாகவே கூடுதலாகக் கொடுக்கலாம். இன்னொன்று, முன் டயரும் பின் டயரும் வேறு அளவு என்பதால் மாற்றி மாற்றிப் போட முடியாது. நான் பாக்ஸ்டரைச் சொந்தமாக வைத்திருந்ததில்லை, மாதச் செலவு பற்றி அனுபவமாகச் சொல்ல முடியாது.

எம்எக்ஸ்-5இல் நாலு டயரும் ஒரே அளவு, என்ஜினில் டைமிங் செயின், பெல்ட் மாதிரி குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதில்லை. அதன் எதிரி துரு. துணிக்கூரை வண்டியில் தண்ணீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்டால் கதவுக்குக் கீழே உள்ள தகடு உள்ளிருந்தே அரிக்கும். டர்பன் கடற்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வண்டியைத் தூக்கி அடியில் பார்க்காமல் ஒரு ரேண்ட்கூடக் கொடுக்காதீர்கள்.

அதனால் ஜோகன்னஸ்பர்க் வண்டிகளையும் பாருங்கள். அங்கே காற்று உலர்ந்தது. ஆலங்கட்டி மழை போட்ட பள்ளங்கள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் டர்போ இல்லாத என்ஜின் கொஞ்சம் சோம்பலாகத்தான் இழுக்கும். அதைக் குறையாக எண்ண வேண்டாம், டர்பனுக்கு இறங்கினால் சரியாகிவிடும்.

டீலர் கொஞ்சம் கூடக் கேட்பதிலும் நியாயம் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழுதுக்கு ஆறு மாதம் அவர் பொறுப்பு. தனியாரிடம் வாங்கினால் அது கிடைக்காது. ரோட்வொர்த்தி சான்றிதழை நம்பி என்ஜினை எடைபோடாதீர்கள், அது சாலைப் பாதுகாப்பைத்தான் பார்க்கும்.

இப்போது 2007 பாக்ஸ்டர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் தம்பியிடம் சொன்னது இதுதான்: சர்வீஸ் புத்தகத்தில் இடைவெளி இருந்தால் விலையைக் குறைக்கச் சொல். குறைக்கவில்லையா, விட்டுவிட்டு 2009 வண்டி வரும்வரை பொறு.