விலங்கியல் பட்டதாரிகளே, ‘ஆஸ்திரேலியா பி.ஆர். உறுதி’ என்று சொல்லும் கன்சல்டன்சியிடம் பணம் கட்டுவதற்கு முன்

எம்.எஸ்சி. விலங்கியல் முடித்த ஒருவரிடம் சென்னையில் உள்ள ஒரு கன்சல்டன்சி, ஆஸ்திரேலியாவில் பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வாங்கித் தருவதாகச் சொல்லி, ‘பதிவு’ என்று 45,000, ‘ஃபைல் லாட்ஜிங்’ என்று 60,000, ‘ஈ.ஓ.ஐ. (விருப்ப அறிவிப்பு) சமர்ப்பிப்பு’ என்று 35,000 ரூபாய் வாங்கியிருக்கிறது. ஜி.எஸ்.டி. சேர்த்து 1,65,200 ரூபாய். திறன் மதிப்பீட்டுக் கட்டணம் தனி; அதை அவரே டாலரில் கார்டில் கட்டினார். முடிவு ‘நெகட்டிவ்’ என்று வந்தது. அந்த பி.டி.எஃப்.-ஐ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் தம்பி, ரீஃபண்ட் கிடையாது” என்று முடித்துக்கொண்டார்கள். இதே வேலையை இதே வரிசையில் பல ஊர்களில் செய்கிறார்கள். எங்கே, எப்படிக் கைவைக்கிறார்கள் என்று தெரிந்தால் தப்பிக்க முடியும் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். விலங்கியலாளருக்கு ஆஸ்திரேலியாவில் வழி இருப்பது பொய்யில்லை. அந்நாட்டுத் தொழில் பட்டியலில் ‘ஸூவாலஜிஸ்ட்’ என்ற தொழிலுக்கு 234518 என்று குறியீடு இருக்கிறது. வயது, படிப்பு, அனுபவம் போன்றவற்றுக்குப் புள்ளி போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் 189, 190, 491 ஆகிய மூன்று விசாக்களுக்கும் அது பயன்படும். ஏமாற்றுகிறவர்கள் இந்த உண்மையைக் காட்டித்தான் நம்ப வைக்கிறார்கள். “உங்க படிப்பு லிஸ்ட்ல இருக்கு சார், கவலையே படாதீங்க” என்பார்கள். ஆனால் பட்டியலில் இருப்பது தொழில். படிப்பு அந்தத் தொழிலுக்கான நிபந்தனைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

அந்தத் தொழிலை மதிப்பிடும் அமைப்பு வெட்டஸெஸ். அவர்கள் கேட்பது இரண்டு. ஒன்று, ஆஸ்திரேலிய இளங்கலைப் பட்டத்துக்கு இணையான, விலங்கியலோடு நேரடித் தொடர்புள்ள பட்டம். மற்றது, பட்டம் பெற்ற பிறகு, கடைசி ஐந்து வருடத்துக்குள், வாரம் குறைந்தது 20 மணி நேரம், சம்பளத்தோடு, விலங்கியலாளராகவே செய்த ஒரு வருட வேலை. இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் நம் ஆட்களில் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கன்சல்டன்சிக்கு இது முன்பே தெரியும். தெரிந்தும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் சொன்னால் முதல் தவணை வராது.

மேலே சொன்னவரின் கணக்கையே பாருங்கள். சுயநிதிக் கல்லூரியில் இரண்டரை வருடம் விலங்கியல் விரிவுரையாளர், அதன்பின் பறவைக் கணக்கெடுப்புத் திட்டம் ஒன்றில் பத்து மாதம் திட்ட உதவியாளர். கன்சல்டன்சி இரண்டையும் கூட்டி ‘3 வருடம் 4 மாதம், அனுபவத்துக்கு 5 புள்ளி’ என்று தாளில் எழுதிக் கொடுத்தது. அந்த ஒரு வரியில் மூன்று தவறுகள் இருக்கின்றன.

கல்லூரியில் பாடம் நடத்துவது விலங்கியலாளர் வேலையாகக் கணக்கில் வராது. பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு 242111 என்று தனிக் குறியீடு இருக்கிறது. பள்ளி ஆசிரியருக்கு வேறு. விலங்கியலாளர் என்றால் விலங்குகளின் உடலமைப்பு, நடத்தை, வாழிடம், சூழலியல் ஆகியவற்றை ஆய்வு செய்கிறவர். ஆக, இவருக்கு மிஞ்சியது பத்து மாதம். ஒரு வருடத்துக்கு இரண்டு மாதம் குறைவு. பொறுத்திருந்து, திட்டத்தில் இன்னும் சில மாதம் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பித்திருந்தால் முடிவே மாறியிருக்கும். இதுதான் எங்களுக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்த தவறு ‘ஸ்கில்டு டேட்’, அதாவது அனுபவம் புள்ளிக்குச் சேரத் தொடங்கும் நாள். மதிப்பீட்டில் தேறுவதற்குச் செலவான அந்த முதல் வருடத்தை, புள்ளிக் கணக்கில் மறுபடியும் காட்ட முடியாது. அதற்குப் பிறகான வேலைதான் புள்ளிக்குச் சேரும். வெளிநாட்டு அனுபவத்துக்கு மூன்று வருடத்துக்கு 5, ஐந்து வருடத்துக்கு 10, எட்டு வருடத்துக்கு 15 புள்ளி. அப்படியானால் 5 புள்ளி வேண்டும் என்றால் நடைமுறையில் நான்கு வருட வேலை தேவை. இவருடைய 3 வருடம் 4 மாதம் முழுவதையும் ஏற்றுக்கொண்டிருந்தால்கூட, கழித்தபின் 2 வருடம் 4 மாதம்தான் மிஞ்சும், புள்ளி பூஜ்யம்.

மூன்றாவது, சான்று. சுயநிதிக் கல்லூரியில் சம்பளம் கையில் பணமாக வந்தது. பி.எஃப். இல்லை, பே ஸ்லிப் இல்லை. திட்டத்தில் தொகுப்பூதியம், அனுபவச் சான்றிதழில் ‘இன்னார் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணியாற்றினார், நன்னடத்தை உள்ளவர்’ என்று இரண்டு வரி. இதை வைத்து யாரும் எதையும் மதிப்பிட முடியாது. கன்சல்டன்சி என்ன செய்தது தெரியுமா? தொழில் பட்டியலில் உள்ள பணி விவரத்தை அப்படியே எடுத்து ஒரு கடிதமாக அடித்து, “இதில் உங்கள் கைடிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள்” என்றது. மதிப்பீட்டாளர்கள் இந்த வாசகங்களை மனப்பாடமாகவே அறிந்தவர்கள். வேலை கொடுத்தவரை நேரடியாக அழைத்து விசாரிக்கவும் செய்வார்கள்.

சரியான கடிதம் எப்படி இருக்க வேண்டும்? நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், கையெழுத்திட்டவரின் பதவி, தொடர்பு எண்ணோடு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வார மணி நேரம், சம்பளம் எல்லாம் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், நீங்கள் உண்மையில் செய்த வேலை உங்கள் வேலையாகவே தெரிய வேண்டும். ‘வனவிலங்கு ஆய்வில் ஈடுபட்டார்’ என்பதில் ஒன்றும் இல்லை. எந்த இனம், எந்தப் பகுதி, என்ன முறை, தரவை எதில் அலசினீர்கள், அறிக்கையில் எந்தப் பகுதி உங்களுடையது என்று எழுதச் சொல்லுங்கள். லைன் டிரான்செக்ட் நடந்தீர்களா, கேமரா டிராப் வைத்தீர்களா, வலை கட்டிப் பறவைக்கு வளையம் போட்டீர்களா என்பதெல்லாம் வர வேண்டும். அதோடு வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த பக்கங்கள், படிவம் 16 அல்லது 26 ஏ.எஸ். (வருமான வரி பிடித்த விவரம்), இருந்தால் பி.எஃப். பாஸ்புக். தொகுப்பூதியக்காரர்களுக்குப் பெரும்பாலும் பே ஸ்லிப் இருக்காது. வரி பிடித்தம் செய்திருந்தால் அது 26 ஏ.எஸ்.-இல் ஏறியிருக்கும். அதைத் தேடி எடுங்கள், நல்ல சான்று.

மூன்று வருட பி.எஸ்சி. மட்டும் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா மூன்று வருடப் பட்டமும் ஆஸ்திரேலிய இளங்கலைக்கு இணையாக வராது. படித்த நிறுவனத்தின் தரமும் பார்க்கப்படும். “டிகிரி இருந்தா போதும்” என்று வாயால் சொல்கிறவர்களிடம் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

இப்போது அந்த 35,000 ரூபாய். ஈ.ஓ.ஐ. என்பது ஸ்கில்செலக்ட் இணையதளத்தில் நிரப்பும் விருப்ப அறிவிப்பு. அதற்கு அரசுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. பாஸ்போர்ட், மதிப்பீட்டு முடிவு, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கையில் இருந்தால் வீட்டில் உட்கார்ந்தே நிரப்பிவிடலாம். இரண்டு வருடம் செல்லுபடியாகும். மதிப்பீடு சாதகமாக வராமல் ஈ.ஓ.ஐ. போடுவதில் அர்த்தமே இல்லை. ஆனால் இந்தக் கன்சல்டன்சி அதற்கான தவணையை மதிப்பீட்டு முடிவு வருவதற்கு முன்பே வாங்கிவிட்டது.

ஈ.ஓ.ஐ.-இல் இன்னொரு ஆபத்தும் உண்டு, பண இழப்பைவிடப் பெரியது. ஏஜென்ட் தன் மின்னஞ்சலில், தன் கடவுச்சொல்லில் கணக்குத் திறந்து, இல்லாத புள்ளிகளை ஏற்றிவிடுவார். விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு சீக்கிரம் வரும், வாடிக்கையாளரும் மகிழ்ந்துபோவார். ஆனால் அழைப்பு வந்த நாளில் என்ன புள்ளி சொல்லியிருந்தீர்களோ அதை ஆவணத்தால் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் விசா நிராகரிப்பு. விண்ணப்பக் கட்டணம் 2025 ஜூலை முதல் முதன்மை விண்ணப்பதாரருக்கு 4,910 ஆஸ்திரேலிய டாலர், திரும்ப வராது. போலிக் கடிதம் வைத்திருந்தது தெரியவந்தால் 4020 என்ற விதியின் கீழ் மூன்று வருடத் தடை. “ஏஜென்ட்தான் செய்தார், எனக்குத் தெரியாது” என்ற வாதம் எளிதில் எடுபடாது. ஆகவே ஸ்கில்செலக்ட் கணக்கும் வெட்டஸெஸ் கணக்கும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கையில் இருக்கட்டும்.

புள்ளியை நீங்களே போட்டுப் பாருங்கள். வயது 25 முதல் 32 வரை 30, 33 முதல் 39 வரை 25, 40 முதல் 44 வரை 15. 45 ஆகிவிட்டால் அழைப்பே கிடையாது. இளங்கலை அல்லது முதுகலைக்கு 15, முனைவர் பட்டத்துக்கு 20. ஐ.இ.எல்.டி.எஸ்.-இல் நான்கு பிரிவிலும் 7 எடுத்தால் 10, எட்டு எடுத்தால் 20. மணமாகாதவருக்கு 10. ஆஸ்திரேலிய மாநிலம் ஒன்று உங்களைப் பரிந்துரைத்தால் (மாநில நியமனம்) 190-க்கு 5, 491-க்கு 15. நாட்டி என்ற ஆஸ்திரேலிய மொழிபெயர்ப்பாளர் அங்கீகார அமைப்பு நடத்தும் வாய்மொழித் தேர்வில் தமிழை எடுத்துத் தேறி 5 புள்ளி வாங்கலாம். இதை எந்தக் கன்சல்டன்சியும் முதலில் சொல்வதில்லை, அதில் அவர்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. 65 என்பது வாசலில் நிற்பதற்கான தகுதி. அழைப்பு போட்டியின்படி வரும். யாரும், எந்த ஏஜென்டும், அதை உறுதி சொல்ல முடியாது. ‘உறுதி’ என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏஜென்டைச் சரிபார்ப்பது கடினமில்லை. குடியேற்ற முகவர்களைப் பதிவு செய்யும் ஆஸ்திரேலிய அமைப்பான ஓமாராவின் பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. பதிவு பெற்றவருக்கு ஏழு இலக்க ‘மார்ன்’ எண் இருக்கும். எண் இருக்கிறது என்பதோடு நிற்காதீர்கள். பதிவேட்டில் உள்ள பெயரும் உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். மெல்போர்னில் இருக்கும் யாரோ ஒருவருடைய எண்ணைச் சுவரில் மாட்டிவைத்து, சென்னையில் கவுன்சிலர் ஒருவர் ஃபைல் பார்ப்பது வாடிக்கை. இந்தியாவில் இருந்து ஆலோசனை சொல்கிறவர் ஓமாராவில் பதிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஆஸ்திரேலியச் சட்டத்தில் இல்லை. அதனால் பதிவு இல்லாதவரிடம் ஏமாந்தால் ஓமாராவால் உதவ முடியாது. கனடாவில் சட்டம் வேறு: கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்பவர் உலகில் எங்கிருந்தாலும் அந்நாட்டு உரிமம் பெற்றிருக்க வேண்டும்.

கனடாவுக்கு ‘எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி பெறும் அரசு ஒப்புதல்) வாங்கித் தருகிறோம், 50 புள்ளி கூடும்’ என்று இன்னமும் விற்கிறார்கள். அந்நாட்டுக் குடியேற்றப் புள்ளி முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வாய்ப்புக்கான அந்தப் புள்ளிகள் 2025 மார்ச் 25-இலேயே நீக்கப்பட்டுவிட்டன. எல்.எம்.ஐ.ஏ.-வுக்கான ஆயிரம் கனடிய டாலரையும் முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. பிரிட்டனில் வேலை விசாவுக்கு முதலாளி தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் விற்பனைக்கு என்று யாராவது சொன்னால் அது மோசடி. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு அரசே வெளியிடுகிறது. 2025 ஜூலை 22 முதல் அந்த விசாவுக்குப் பொதுவான குறைந்தபட்சச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. சிலருக்கு அதில் தளர்வு உண்டு. உயிரியல் பூங்காவில் விலங்குப் பராமரிப்பு வேலை என்று ஆஃபர் லெட்டர் வந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. அது விலங்கியலாளர் வேலை கிடையாது. ஆஸ்திரேலியப் பட்டியலில் அதற்கு 361114 என்று வேறு குறியீடு. ஸ்பான்சர் செய்வதற்காகப் பணம் கேட்பதும் வாங்குவதும் ஆஸ்திரேலியாவில் 2015 முதல் குற்றம்.

வேலை வாங்கித் தருகிறேன் என்பவர் இந்தியாவில் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவராக இருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.-யும்தான். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் நடக்கிறது, அதையும் பாருங்கள். “நாங்கள் வேலை தருவதில்லை, விசா ஆலோசனை மட்டும்” என்று நழுவுகிறவர்கள், விளம்பரத்தில் மட்டும் ‘வேலையுடன் விசா’ என்று போடுவார்கள். அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் அதுவே சாட்சி.

ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரி ஒன்று உண்டு. மேலே சொன்னவர் கையெழுத்திட்ட தாளில், ஏழாவது பக்கத்தில், ‘மதிப்பீட்டு முடிவு எதுவாயினும் அந்தக் கட்டம் நிறைவேறியதாகக் கொள்ளப்படும்’ என்று சிறிய எழுத்தில் இருந்தது. நெகட்டிவ் வந்தாலும் அவர்கள் வேலை முடிந்தது என்பதே இதன் பொருள். வாயால் சொன்ன ‘ரீஃபண்ட் உண்டு’ எங்கும் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் எந்தக் குறியீடு, எந்த அனுபவத்தை எத்தனை மாதமாகக் கணக்கிட்டார்கள், எத்தனை புள்ளி, எந்த விசா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பணத்தை நிறுவனக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், தனியாள் யு.பி.ஐ. வேண்டவே வேண்டாம். மதிப்பீட்டுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விசாக் கட்டணம் எல்லாவற்றையும் உங்கள் கார்டிலேயே கட்டி ரசீதை வையுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் முதலில் ஃபைலைக் கேளுங்கள்: சமர்ப்பித்த விண்ணப்பத்தின் முழு நகல், மதிப்பீட்டு முடிவுக் கடிதம், ஈ.ஓ.ஐ. அச்சுப்படி. விசா கிடைத்ததாகக் கடிதம் காட்டினால் ஆஸ்திரேலிய அரசின் வீவோ தளத்தில் இலவசமாகச் சரிபாருங்கள். பிறகு நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணம் கிடையாது, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். “அடுத்த மாசம் பார்த்துக்கலாம்” என்று அவர்கள் இழுப்பது இந்தக் காலம் கடக்கட்டும் என்றும் இருக்கலாம். போலிக் கடிதமோ போலி விசாவோ கொடுத்திருந்தால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார். பணம் இணையவழியில் இப்போதுதான் போயிருக்கிறது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.