மதுரை வெயிலில் ஒரு டைவ் வாட்ச்: ஓமேகா சீமாஸ்டரோடு நெடுநாள் அனுபவம்

கடலே இல்லாத மதுரையில் 300 மீட்டர் ஆழம் தாங்கும் கைக்கடிகாரம் எதற்கு என்று என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. ஓமேகா சீமாஸ்டர் டைவர் 300எம், 2018-இல் புதுப்பிக்கப்பட்ட வடிவம், நீல டயல், 42 மில்லிமீட்டர் ஸ்டீல் உடல்: சில ஆண்டுகளாக என் இடது கையில் இருப்பது இதுதான். மாசி வீதியை ஒட்டிய ஜவுளிக் கடையில் காலை முதல் இரவு வரை சேலை விரித்துக் காட்டுவது, சுங்குடிச் சாயப் பட்டறைக்குப் போய் வருவது, ஞாயிற்றுக்கிழமைகளில் சோழவந்தான் பக்கத்துத் தோட்டக் கிணற்றில் நீந்துவது என்று ஓடும் என் நாட்களில் இந்த வாட்ச் கையை விட்டு இறங்குவது அபூர்வம். அந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று உண்டு. நம் ஊர் வெயிலில் ஒரு டைவ் வாட்ச்சைப் பொழுதெல்லாம் கட்டியிருக்க முடியுமா என்பதை அதன் ஸ்ட்ராப்பும் கொக்கியுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. கடையில் விலை கேட்கும்போது நாம் கடைசியாகப் பார்ப்பதும் அவற்றைத்தான்.

சித்திரையிலும் வைகாசியிலும் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், உடற்சூட்டை வெளியேற்றுவதற்காகத் தோலை ஒட்டிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. மணிக்கட்டும் சற்றே பருக்கிறது. கடை திறக்கும் நேரத்தில் கையில் இலேசாகச் சுழன்றுகொண்டிருந்த ஸ்டீல் செயின், பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் தோலில் கண்ணிகளின் அச்சு பதியும் அளவுக்கு இறுகிவிடும். கண்ணியைக் கழற்றி மாட்டி மட்டுமே அளவு வைக்கக்கூடிய சாதாரணச் செயினில் இதற்கு வழி கிடையாது. ஒரு கண்ணியை எடுத்தால் பிற்பகலில் இறுக்கம், சேர்த்தால் காலையில் தொளதொளப்பு. தொளதொளத்த வாட்ச் மணிக்கட்டு எலும்பின் மேல் சரிந்து, பக்கவாட்டுத் திருகுக் குமிழான கிரௌன் புறங்கையில் குத்திக்கொண்டே இருக்கும்.

சீமாஸ்டரின் கொக்கியைத் திறந்தால் உட்புறத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்துச் செயினை நகர்த்தினால், பல் பல்லாக வெட்டப்பட்ட தண்டின் மேல் அது படிப்படியாக நீளும் அல்லது சுருங்கும். கருவி எதுவும் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவித் துடைத்த கையோடு இரண்டு பல் தளர்த்துவதும், இரவு கடை அடைத்து வீட்டுக்குக் கிளம்பும்போது அதே இரண்டு பல்லை மீட்பதும் எனக்கு வெற்றிலை மடிக்கிற மாதிரி கைப்பழக்கமாகிவிட்டது. ரோலெக்ஸ் சப்மரைனரில் இதே வேலையைச் செய்யும் கிளைட்லாக் கொக்கி, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் படிகளில் மொத்தம் 20 மில்லிமீட்டர் வரை நீளும். டியூடர் நிறுவனத்தின் டி-ஃபிட் கொக்கியில் ஐந்து நிலைகள், மொத்தம் 8 மில்லிமீட்டர். எண்ணைப் பார்த்தால் 8 குறைவாகத் தோன்றும். ஆனால் வெயிலால் பருக்கும் கைக்கு அதில் பாதியே போதும் என்பது என் அனுபவம். எத்தனை மில்லிமீட்டர் நீளுகிறது என்பதைவிட, வாட்ச்சைக் கழற்றாமல் அல்லது அரைகுறையாகக் கழற்றி ஒரு நிமிடத்துக்குள் மாற்ற முடிகிறதா என்பதுதான் தினமும் பயன்படுத்துகிறவருக்கு முக்கியம்.

இந்த ஏற்பாடு யாருக்காக உருவானது என்பதையும் சொல்ல வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்கு ஈடான அளவு, கூடுகிறது. டைவர்கள் அணியும் நியோபிரீன் என்ற நுரை ரப்பர் உடைக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகள் அந்த அழுத்தத்தில் நசுங்கி, உடை மெலிந்துபோகும். அதன் மேல் இறுக்கிக் கட்டிய வாட்ச், அடியாழத்தில் தொளதொளத்துக் கையில் சுழலத் தொடங்கும். 1968-இல் ஹிரோஷிமா பகுதியைச் சேர்ந்த ஒரு தொழில்முறை டைவர், அதுவரை வந்த வாட்ச்கள் தம் வேலைக்குத் தாங்கவில்லை என்று சீகோ நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். அதன் விளைவாக 1975-இல் வெளிவந்த 600 மீட்டர் வாட்ச்சில் டைட்டானியம் உடலோடு, ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பான ஒரு ஸ்ட்ராப்பும் இருந்தது. கை பருத்தால் மடிப்பு விரியும், மெலிந்தால் தானே சுருங்கிக்கொள்ளும். ஆழத்தில் மெலிகிற கைக்காக யோசித்த அந்த ஏற்பாடு, பொழுது ஏற ஏறப் பருக்கிற மதுரைக் கைக்கும் அப்படியே பொருந்துகிறது. டைவ் வாட்ச் நம் ஊருக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்வது இந்த விஷயத்தைத்தான்.

ஜவுளிக்காரனுக்கு வேறொரு கவலையும் உண்டு. பட்டுச் சேலையின் முந்தியை முன்கையில் போட்டுக் காட்டும்போது, கொக்கியின் கூரான ஓரம் ஒரு ஜரிகை இழையைப் பிடித்து இழுத்தால் அந்தச் சேலை அவ்வளவுதான். முன்பு நான் கட்டியிருந்த ஒரு சாதாரண வாட்ச்சின் தகட்டுக் கொக்கியைப் பார்த்து, ஒரு வாடிக்கையாளர் அம்மா, "பாத்துண்ணே, செயினு ஜரிகைல மாட்டிரப் போகுது" என்று சொன்னது சரியான எச்சரிக்கை. விலை உயர்ந்த வாட்ச்சில் பணம் எங்கே போகிறது என்று கேட்டால், இந்த ஓரங்களைத்தான் தொட்டுக் காட்டுவேன். சீமாஸ்டர் செயினின் கண்ணி ஒவ்வொன்றின் விளிம்பும் மழுக்கப்பட்டிருக்கிறது. கொக்கியை மூடியபின் மெல்லிய மல் துணியை அதன் மேல் எல்லாத் திசையிலும் இழுத்துப் பார்த்தேன். எங்கும் தடை இல்லை. வாங்க நினைப்பவர்கள் ஒரு கைக்குட்டையை எடுத்துச் சென்று கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

அடுத்தது ரப்பர். கோடையில் செயினைக் கழற்றி ரப்பர் ஸ்ட்ராப் மாட்டினால் கனம் பாதியாகக் குறைந்ததுபோல இருக்கும். ஆனால் ரப்பர் என்று பொதுவாகச் சொல்லும் பொருளில் பல சாதிகள் உண்டு. இயற்கை ரப்பர் மிருதுவானது; வெயிலிலும் காற்றிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் இறுகி வெடிக்கும். சிலிக்கான் தொடுவதற்குச் சுகம்; ஆனால் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். பஞ்சுத் துகள் மிதக்கும் என் கடையில் அரை நாளில் அது நரைத்துவிடுகிறது. எஃப்.கே.எம். எனப்படும் ஃபுளோரின் கலந்த ரப்பர்தான் என் தேர்வு. வெப்பம், எண்ணெய், வியர்வை ஆகியவற்றை நன்றாகத் தாங்கும், தூசி ஒட்டாது, ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் புதிதாகிவிடும். இணையத்தில் மலிவாக வாங்கிய ஒரு பெயரில்லா ஸ்ட்ராப் முதல் கோடையிலேயே பிசுபிசுத்து, மணிக்கட்டில் சிவந்த தடிப்பை உண்டாக்கியது. அதன் பிறகு என்ன பொருளில் செய்தது என்று விற்பவரால் சொல்ல முடியாத எதையும் நான் கையில் கட்டுவதில்லை.

ரப்பரின் உட்புற வடிவமும் பொருளுக்கு இணையாக முக்கியம். வழுவழுப்பான அடிப்பாகம் தோலோடு ஒட்டிக்கொண்டு வியர்வையைச் சிறைப்படுத்தும். 1960-களில் டைவர்களிடம் புகழ்பெற்றிருந்த டிராபிக் ஸ்ட்ராப்பில் வரிசையாகத் துளைகளும், உட்புறத்தில் கட்டக்கட்டமான புடைப்பும் இருந்தன. அந்தப் பள்ளங்களின் வழியே காற்றும் நீரும் ஓடும். இன்று பலரும் அந்த வடிவத்தை எஃப்.கே.எம். ரப்பரில் செய்கிறார்கள். வேர்க்குரு வரும் தோல் உள்ளவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் இதையே வாங்கலாம். ஸ்ட்ராப்பின் முனை வாட்ச் உடலோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டுமா என்பதில் எனக்கும் மச்சினனுக்கும் ஒத்துப்போவதில்லை. இடைவெளியின்றி வளைந்த முனை பார்க்க அழகு, வாட்ச்சும் ஆடாது. நேர் முனையோ, ஸ்ட்ராப் மாட்டுவதற்காக வாட்ச் உடலிலிருந்து நீளும் லக்குகளின் அருகிலேயே கீழ்நோக்கி மடிவதால் மெலிந்த மணிக்கட்டை நன்றாகச் சுற்றிக்கொள்ளும். என் கை நடுத்தரம் என்பதால் நான் வளைந்த முனையின் பக்கம்.

கிணற்றுக்குப் போகும் நாட்களில் மட்டும் நைலான். நேட்டோ ஸ்ட்ராப் என்று விற்கப்படும் ஒற்றைத் துண்டுப் பட்டை, 1973-இல் பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை வகுத்த தரத்திலிருந்து வந்தது. பட்டை வாட்ச்சின் அடியில் நுழைந்து வெளியேறுவதால், ஸ்ட்ராப்பை லக்குகளுக்கு நடுவில் பிடித்திருக்கும் ஸ்ப்ரிங் பார் என்ற சிறு கம்பிகளில் ஒன்று தெறித்தாலும் மறு பக்கத்துப் பார் வாட்ச்சைத் தொங்கவிட்டுக் காப்பாற்றும். கல் படிக்கட்டிலிருந்து குதிக்கும் கிணற்றில் இந்த நிம்மதி பெரிது. ஆனால் அடியில் ஓடும் பட்டை வாட்ச்சை மேலும் உயர்த்திக் காட்டும். முழுக்கைச் சட்டைக்குள் புகாது.

உயரத்தைப் பற்றியும் பேச வேண்டும். சீமாஸ்டரின் தடிமன் ஏறத்தாழ 13.5 மில்லிமீட்டர். மச்சினன் கட்டும் டியூடர் பெலாகோஸ் 39, அதாவது 2022-இல் வந்த டைட்டானியம் வாட்ச், 39 மில்லிமீட்டர் அகலமும் 11.8 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. சில வாரம் இருவரும் மாற்றிக் கட்டினோம். கனக் குறைவில் டைட்டானியத்துக்கு ஈடே இல்லை; தராசில் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், மாலையில் தோள் சொல்லிவிடும். ஆனால் சீமாஸ்டரின் லக்குகள் முறுக்கிய கொம்பு போல உட்புறம் வளைந்து கீழிறங்குவதால், எழுதப்பட்ட அளவைக் காட்டிலும் அது சிறிதாகவே கையில் உட்காருகிறது. அந்த லக்கில் மங்கலாக இழைத்த பரப்பும் கண்ணாடி போன்ற பளபளப்பும் சந்திக்கும் கோட்டை நான் இன்றைக்கும் ஓய்வு கிடைக்கும்போது திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பளபளப்பான இடத்தில் கீறல் விழத்தான் செய்யும். ஸ்டீலின் இயல்பு அது. நான் பாலிஷ் போடக் கொடுப்பதில்லை, போடப் போட அந்தக் கோடு மழுங்கிவிடும்.

டயலைச் சுற்றியுள்ள வளையமான பெசலின் விளிம்பு அலை அலையாக வெட்டப்பட்டது. நனைந்த விரலுக்குப் பல்விளிம்பே அதிகப் பிடிமானம் தரும். சேலைக்கு இந்த வழுவழுப்பான அலைவிளிம்பே உகந்தது. 1953-இல் வந்த பிளாங்பான் ஃபிஃப்டி ஃபேதம்ஸ் காலத்திலிருந்து டைவ் வாட்ச்சின் அடையாளமாக இருப்பது இந்தச் சுழலும் வளையம். ஒரே திசையில் மட்டும் திரும்புவதால், தெரியாமல் இடிபட்டு நகர்ந்தாலும் நீருக்குள் கழிந்த நேரத்தைக் கூட்டியே காட்டும். டைவர் முன்கூட்டியே மேலே வந்துவிடுவார். எனக்கு அது சாயப் பட்டறையில் உதவுகிறது. தொட்டியில் துணி இறங்கிய கணத்தில் பெசலின் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேரே நிறுத்திவிட்டால், சாயம் பட்ட கையால் செல்போனைத் தொட வேண்டியதில்லை. செராமிக் வளையத்தில் இதுவரை கறையும் ஏறவில்லை, நிறமும் மங்கவில்லை.

டயலில் லேசரால் செதுக்கிய அலைகள் ஆழமில்லாதவை. உச்சி வெயிலில் அவை ஏறக்குறைய மறைந்து முட்கள் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன, கடையின் குழல்விளக்கில் சாய்த்துப் பார்த்தால் தோன்றுகின்றன. கண்ணாடியின் இரு புறமும் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு இருப்பதும் இதற்குக் காரணம். ஒளிரும் பூச்சு இரு நிறம்: நிமிட முள்ளும் பெசல் புள்ளியும் பச்சை, மற்றவை நீலம். டைவருக்கு வேண்டியது கழிந்த நிமிடம் மட்டுமே என்பதால் அவ்விரண்டையும் கண் உடனே இணைத்துக்கொள்ளும்படி பிரித்திருக்கிறார்கள். டைவ் வாட்ச்சுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரம், இருட்டில் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து நேரம் தெரிய வேண்டும் என்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று, விடியலுக்கு முன் வைகைக் கரைக் கூட்டத்தில் நெஞ்சோடு ஒட்டியிருந்த கையிலும் எனக்கு நேரம் தெளிவாகத் தெரிந்தது. நாலாபுறமும் பீய்ச்சப்படும் தண்ணீரைப் பற்றி வாட்ச்சுக்காகக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

பத்து மணி இடத்தில் இருக்கும் ஹீலியம் வால்வு எனக்கு ஒருநாளும் பயன்படப் போவதில்லை. ஆழ்கடல் அறைகளில் நாட்கணக்கில் தங்கி வேலை செய்கிறவர்களின் வாட்ச்சுக்குள் புகுந்த ஹீலியத்தை வெளியேற்றுவதற்கானது அது. வடிவத்தின் அடையாளம் என்பதால் ஏற்றுக்கொள்கிறேன். 15,000 காஸ் (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) வலிமையுள்ள காந்தப் புலத்தையும் தாங்கும் இயந்திரம் மட்டும் உண்மையிலேயே பயன்படுகிறது; காந்த மூடி போட்ட செல்போன் உறைகளுக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் நடுவில்தான் என் கல்லா இருக்கிறது.

பராமரிப்பில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. போர்வெல் தண்ணீரின் உப்பு, வியர்வை, சந்தனம், விபூதி எல்லாம் கண்ணிகளின் இடுக்கில் சேர்ந்து வெண்படலமாகக் காயும். கொக்கிப் பொத்தான் இறுகுவதற்கும் அதுவே காரணம். கிரௌன் முழுவதும் திருகி மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு, குடிநீரில் குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷால் வாரம் ஒரு முறை தேய்க்கிறேன். நீர்க்காப்புக்கான ரப்பர் வளையங்கள் நாளடைவில் தளர்வதால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் அழுத்தச் சோதனையும் செய்துவிடுகிறேன். ஸ்ட்ராப் மாற்றும் வேலையை இப்போது நானே பார்க்கிறேன். ஒரு கடையில் கொடுத்தபோது லக்கின் உட்புறம் ஸ்க்ரூடிரைவர் கீறலோடு திரும்பி வந்தது.

வாங்கப் போகிறவர்கள் குளிரூட்டிய கடைக்குள் நுழைந்தவுடன் கட்டிப் பார்க்காதீர்கள். ஒரு மதிய வேளையில், சிறிது தூரம் வெயிலில் நடந்த கையோடு போய், கொக்கியை நீங்களே இரண்டு முறை நீட்டிச் சுருக்கிப் பாருங்கள். செயினோடு சேர்ந்த வடிவத்தையே வாங்குங்கள். ரப்பரைப் பிறகு தனியாக வாங்கிக்கொள்ளலாம், செயினைத் தனியாக வாங்கினால் விலை அதிகம். மாசி வரை செயின், பங்குனி முதல் ஆவணி வரை துளையிட்ட ரப்பர், மழைக்காலத்தில் மறுபடியும் செயின் என்பது என் கணக்கு. மாற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்ப்ரிங் பாரின் முனை தேய்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, ஐயம் வந்தால் உடனே புதிது போட்டுவிடுகிறேன்.