வில்லோ கிரீக் வழியா, மெஸ்ஸி சர்ச் வழியா?

தொழில் உலகத்தின் புதுமை உத்திகளைக் கிறிஸ்தவச் சபைக்குள் கொண்டுவர நினைப்பவர்கள் முன்னால் முக்கியமாக இரண்டு முன்மாதிரிகள் இருக்கின்றன.

முதலாவது, அமெரிக்காவின் இல்லினாய்ஸில் 1975இல் தொடங்கிய வில்லோ கிரீக் சபை. பில் ஹைபெல்ஸும் நண்பர்களும் வீடு வீடாகப் போய், 'ஏன் சபைக்குப் போவதில்லை?' என்று கேட்டார்கள். சலிப்பு, ஓயாமல் பணம் கேட்கிறார்கள் என்றெல்லாம் பதில் வந்தது. அதற்கேற்ப ஆராதனையை வடிவமைத்து, ஒரு சினிமா தியேட்டரில் சபையைத் தொடங்கினார்கள். நாடகம், நவீன இசை, அன்றாடப் பிரச்சினைகளைத் தொடும் பிரசங்கம். கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது.

இரண்டாவது, இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் அருகே 2004இல் ஒரு ஆங்கிலிக்கன் சபை முயன்று பார்த்த மெஸ்ஸி சர்ச். பிள்ளைகளை மட்டும் ஞாயிறு பள்ளிக்கு அனுப்பச் சொல்லாமல் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். மாதம் ஒருமுறை கைவேலை, சின்ன ஆராதனை, அப்புறம் எல்லாருக்கும் சாப்பாடு. இதைப் பார்த்து மற்ற சபைகளும் தொடங்க, பல நாடுகளுக்குப் பரவியது.

செலவில் இரண்டும் எதிரெதிர். வில்லோ கிரீக் பாணிக்கு மேடை, ஒலி, ஒளி, சம்பளத்துக்கு ஆட்கள் எல்லாம் வேண்டும். அவ்வளவும் போட்ட பிறகு சரிவரவில்லை என்றால் பின்வாங்குவது கடினம். மெஸ்ஸி சர்ச்சுக்கு ஒரு கூடமும் சமையலறையும் போதும். நான்கு மாதம் பார்த்துவிட்டு மாற்றலாம், நிறுத்தியும் விடலாம்.

எதை வைத்து வெற்றியை அளப்பது என்பதில்தான் சிக்கல். வில்லோ கிரீக் தன் உறுப்பினர்களிடமே ஆய்வு நடத்தி 2007இல் முடிவை வெளியிட்டது. நிகழ்ச்சிகளில் அதிகமாகக் கலந்துகொள்வதால் மட்டும் ஆவிக்குரிய வளர்ச்சி வந்துவிடவில்லை என்பது அதன் சாரம். தன் உத்தியின் ஓட்டையைத் தானே அச்சில் போட எத்தனை நிறுவனங்களுக்குத் தைரியம் வரும்?

மெஸ்ஸி சர்ச்சிலும் இந்தக் கேள்வி தீரவில்லை. மாதம் ஒருமுறை வருகிறவர்களைச் சீஷராக வளர்ப்பது எப்படி? இதுவே அவர்களுடைய சபையா, ஞாயிறு ஆராதனைக்கான வாசல்படியா? இந்த விவாதம் அங்கே நெடுநாளாக நடக்கிறது.

நூறு, இருநூறு பேர் உள்ள சபை என்றால் என் ஓட்டு மெஸ்ஸி சர்ச்சுக்கே. ஆனால் வில்லோ கிரீக்கிலிருந்து அந்தக் கதவு தட்டலை மட்டும் இரவல் வாங்கிக்கொள்ளலாம். வராதவர்களிடம் பேசாமல் கமிட்டி அறையில் உட்கார்ந்து திட்டம் போட்டால் இரண்டு வழியும் உதவாது. இன்னொன்று, மாதாமாதம் சமைக்கப்போவது யார் என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். வழக்கமான அந்த மூன்று அக்காமார் தலையில்தான் விழும் என்றால், ஆரம்பிக்காமல் இருப்பதே மேல்.